ஏழாம் நம்பரைக் கேட்டிருக்கக் கூடாது

முதல் நாள் சாயங்காலம் புது டீமின் பயிற்சி மாஸ்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எத்தனை நிமிஷம் ஆடுவீங்கம்மா?" கூடைப்பந்தில் 10 நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர், மொத்தம் 40 நிமிடம். நான் யோசிக்கவே இல்லை. "நாப்பதும் ஆடுவேன் சார்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு விசிலை எடுத்தார். அன்றைக்கு வேறு பதில் சொல்லியிருந்தால் 31,000 ரூபாயும் எட்டு வாரமும் எனக்கு மிச்சமாகியிருக்கும். ஒரு சின்னப் பெண்ணின் மனசும் நோகாமல் இருந்திருக்கும். முப்பத்தைந்து வயதைத் தாண்டி, ஊர் மாறி, தெரியாத டீமில் சேர்ந்து ஆடப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உதவும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கு அப்போது இதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

எனக்கு 36 வயது. ஒன்பதாம் வகுப்பில் பந்தைத் தொட்டேன். அப்புறம் கல்லூரி டீம், மாவட்ட டீம், விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் வேலை. அலுவலக டீமுக்குப் பதின்மூன்று வருஷம் பாயிண்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள், அதில் கடைசி மூன்று வருஷம் கேப்டன். மகள் பிறந்த பிறகு எல்லோரும் "போதுமே" என்றார்கள். இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்த நம் அனிதா பால்துரை தாயான பிறகும் திரும்பி வந்து ஆடியதைப் பார்த்துத்தான் எனக்கும் துணிச்சல் வந்தது. 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கே கிடைத்த மாதிரி அலுவலகத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். கணவர் குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் டீ மேக்கர். ஐந்து வருஷம் அவர் மலையில், நானும் மகளும் சென்னையில் என்று ஓட்டினோம். போன வருஷம் ஜூன் கடைசியில் மாறுதல் கிடைத்து மேலே வந்துவிட்டேன். வந்த வாரமே விசாரித்து, உள்ளூர்ப் பெண்கள் டீம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பாதிப் பேர் கல்லூரி மாணவிகள், இரண்டு பேர் நர்ஸிங் படிக்கிறவர்கள், மற்றவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் மூத்தவளுக்கே 23 வயதுதான்.

ஜூலை முதல் வாரம் முதல் பயிற்சி. தூறல் விட்டிருந்தது, பனிமூட்டம் வளையத்தை மறைத்தும் காட்டியும் போய்க்கொண்டிருந்தது. வார்ம்-அப்புக்குக் கோர்ட்டைச் சுற்றி ஐந்து ரவுண்டு ஓடச் சொன்னார் மாஸ்டர். மூன்றாவது ரவுண்டிலேயே நெஞ்சுக்குள் துணியை அடைத்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் பேசிச் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள், எனக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்து உள்ளுக்குள் ஒடிந்துபோனேன். உண்மையில் அதில் பாதி மலையின் வேலை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால், ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்ஸிஜன் சென்னையில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறையும். மார்க்கெட்டுக்கு நடந்து போனால் தெரியாது. 28 மீட்டர் கோர்ட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விடாமல் ஓடும்போது கால் கனக்கும், கண் இருட்டும். நான் மேலே வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதை மாஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது.

கீழிருந்து மலைக்கு வந்து ஆடப் போகிறவர்கள் முதல் இரண்டு வாரம் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்துக்கு மேல் போகாதீர்கள். ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கிற தனி ஷாட்) போடுங்கள், நின்ற இடத்தில் பாஸ் பழகுங்கள், மீதியைப் பார்த்துக்கொண்டிருங்கள். மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள். குளிரில் தாகம் தெரியாது, வேர்வையும் காற்றிலேயே காய்ந்துபோகும். அதனால் தண்ணீரைத் தாகத்துக்குக் குடிக்காமல் நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும். நான் ஒன்றரை மணி நேரப் பயிற்சிக்கு அரை லிட்டர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு, ராத்திரி தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். ஷூ விஷயமும் அப்படித்தான். சென்னையில் மர கோர்ட்டில் ஆடிய ஞாபகத்தில் 6,800 ரூபாய்க்கு மெல்லிய அடிப்பாகம் உள்ள ஜோடி ஒன்றை ஆசையாக வாங்கினேன். இங்கே கோர்ட் சிமெண்ட், சொரசொரப்பு. இரண்டு மாதத்தில் கட்டைவிரலுக்குக் கீழே வழவழவென்று தேய்ந்துவிட்டது. புது இடத்துக்குப் போனால் முதலில் தரையைப் பாருங்கள், அப்புறம் ஷூ வாங்குங்கள்.

இதெல்லாம் உடம்பைப் பற்றியது. நான் செய்த பெரிய தப்பு இரண்டாவது வாரம் நடந்தது. ஜெர்சி கொடுக்கிற நாள். நான் ஆடத் தொடங்கிய காலத்தில் 4 முதல் 15 வரைதான் நம்பர் இருக்கும், அதில் ஏழு என்னுடையது. பள்ளியிலிருந்து சென்னை வரைக்கும் ஏழுதான். இப்போது எந்த நம்பரும் போடலாம் என்று விதி மாறியிருக்கிறது. மாஸ்டர் பட்டியல் எழுதும்போது, "சார், எனக்கு ஏழு வேணும்" என்றேன். அது இரண்டு வருஷமாக அந்த டீமின் பாயிண்ட் கார்ட் போட்டிருந்த நம்பர். 20 வயதுப் பெண், பி.காம் கடைசி வருஷம், அருவங்காட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். மாஸ்டர் அவளைப் பார்த்தார். அவள் உடனே, "பரவாயில்ல சார், அக்காவே எடுத்துக்கட்டும்" என்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. ஜெர்சியை வாங்கி முகர்ந்து பார்த்தேன், புதுத் துணி வாசனை. அன்றைக்கு ராத்திரி சந்தோஷமாகத் தூங்கினேன்.

நம்பரோடு சேர்த்து அவள் இடத்தையும் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. பந்து வந்ததும் நான் கை நீட்டுவேன், அவள் கொடுத்துவிடுவாள். சென்னையில் நாங்கள் ஆடியது நிதானமான ஆட்டம். பந்தை எட்டு நொடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய், விரலைக் காட்டி முன்பே பழகிவைத்த ஒரு செட்டைச் சொல்லி, ஆளை ஆள் மறித்து, ஷாட் எடுக்கக் கிடைக்கிற 24 நொடியில் கடைசி ஐந்து நொடி வரைக்கும் பொறுத்து நல்ல ஷாட் எடுப்போம். அதையே இங்கேயும் ஓட்டினேன். இந்த டீமின் பலம் ஓட்டம் என்பது எனக்குப் புரியவே இல்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். கீழேயிருந்து வருகிற டீம் இரண்டாவது குவார்ட்டரிலேயே இடுப்பில் கை வைக்கும், மூன்றாவதில் வாய் திறக்கும். அப்போது இவர்கள் ரீபவுண்டை, அதாவது விழாமல் திரும்பிய பந்தை, எடுத்ததும் பறப்பார்கள். அவர்கள் பாஷையில் அதற்குப் பெயர் "பஸ்". ஒருத்தி "பஸ்ஸு!" என்று கத்தினால் மூன்று பேர் எதிர்க் கூடைக்கு ஓடியிருப்பார்கள், கடைசி பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக முடியாது என்கிற மாதிரி. நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நிதானம், நிதானம்" என்று கத்தினேன். ஓடிப் போனவர்கள் திரும்பி நடந்து வந்தார்கள். எதிர் டீமுக்கு மூச்சு வாங்க நான் நேரம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வார்த்தைகளையும் நான் கற்றுக்கொள்ளவில்லை. எதிராளின் வழியை மறித்து நிற்கிற ஸ்க்ரீனை "கட்டை" என்பார்கள். பேஸ்லைன் பக்கம், அதாவது கூடைக்குப் பின்னால் இருக்கிற கோட்டின் பக்கம், அடைக்க வேண்டும் என்றால் "கதவு!" ஒருநாள் பின்னாலிருந்து "அக்கா, கட்டை!" என்று கத்தினாள் ஒருத்தி. எனக்குப் புரிவதற்குள் எதிரே நின்ற பெண்ணின் தோளில் போய் முட்டி உதடு கிழிந்தது. எனக்கு ஒரு டீமின் பாஷை தெரியும், அதுதான் உலகத்துக்கே பாஷை என்று நினைத்திருந்தேன். சேர்ந்த முதல் நாளே ஒரு நோட்டில் அவர்கள் சொல்கிற வார்த்தைகளை எழுதி, அர்த்தம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான்.

இதையெல்லாம் நான்கு மாதம் யாரும் என்னிடம் சொல்லவில்லை. நம் ஊரில் புது டீமுக்குப் போகிற மூத்த ஆட்டக்காரருக்கு இதுதான் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். நான் அக்கா. அக்காவிடம் "நீங்க தப்பா ஆடுறீங்க" என்று எந்தப் பெண் சொல்வாள்? நான் ஃப்ரீயாக இல்லாதபோதும் எனக்கே பாஸ் கொடுப்பார்கள். நான் விட்ட ஷாட்டுக்கு "சூப்பர் ட்ரை அக்கா" என்பார்கள். என் ஆள் என்னைத் தாண்டிப் போய்விட்டால், உதவிக்கு வந்து ஃபவுல் வாங்கிக்கொள்வார்கள், ஐந்து ஃபவுல் ஆனதும் பேசாமல் வெளியே போய் உட்காருவார்கள். என் பிழையை அவர்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். அந்த மரியாதையை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இடைவேளையில் நான் பக்கத்தில் போனால் பேச்சு நிற்கும். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். பயிற்சிக்கு வருகிறவர்கள் பன்னிரண்டிலிருந்து ஒன்பதானபோதுகூட, பரீட்சை நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களைவிட பத்துப் பதினைந்து வயது குறைந்தவர்களோடு ஆடினால், அவர்கள் வாயால் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். "நான் நல்லா ஆடுறேனா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "நான் எங்க நின்னா உனக்கு இடைஞ்சலா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அவர்களிடம் பதில் இருக்கும்.

நவம்பர் நடுவில் கால் போனது. வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்து, மூன்று நாள் கழித்து வெயில் தலை காட்டிய காலை. ஆறரை மணிப் பயிற்சிக்குக் கிளம்பினேன். வளைவில் நான்கு காட்டுமாடுகள், ஒன்று குட்டியோடு, ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. இந்தப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும், அது நகர்கிற வரைக்கும் நாம் நகரக் கூடாது. இருபத்தைந்து நிமிடம் வண்டியை அணைத்துவிட்டு நின்றேன். கை விரல் மரத்துப்போனது. கோர்ட்டுக்குப் போனபோது ஐந்துக்கு ஐந்து ஆட்டம் தொடங்கியிருந்தது. மாஸ்டர், "வார்ம்-அப் பண்ணிட்டு வாங்கம்மா" என்றார். ஏழாம் நம்பரை வாங்கிக்கொண்டவள் வெளியே நிற்பதா என்று, ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே உள்ளே போனேன். இரண்டாவது தடவை பந்து வந்தது. இடது காலை ஊன்றி ஒரு எட்டு பாய்ந்தேன். கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்த மாதிரி "டப்" என்று கேட்டது. பந்து பட்டுவிட்டது என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை, பந்து என் கையில்தான் இருந்தது. அடுத்த அடி வைக்கப் பார்த்தேன், கால் என் பேச்சைக் கேட்கவில்லை. ஈரச் சிமெண்டில் உட்கார்ந்தேன். அழுகை வலியால் வரவில்லை. எல்லாம் முடிந்தது என்று தோன்றியது.

அதற்குப் பிறகு செய்ததும் தப்பு. சுளுக்கு என்று நினைத்து, தெரிந்தவர் சொன்னார் என்று நீவி விடுகிறவரிடம் போனேன். சூடாக எண்ணெய் போட்டு மூன்று நாள் அழுத்தி நீவினார், 1,500 ரூபாய். நான்காம் நாள் முட்டிக்குக் கீழே கத்தரிப்பூ நிறத்தில் ரத்தம் இறங்கி, கணுக்கால் வரைக்கும் வீங்கியிருந்தது. வீட்டில் பயந்துபோய்க் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கெண்டைச்சதையின் உள்பக்கம் கிழிந்திருக்கிறது, முப்பத்தைந்துக்கு மேல் திடீரென்று பாய்ந்து ஓடுகிறவர்களுக்கு வழக்கமாக வருவதுதான் என்றார். கிழிந்த சதையை முதல் இரண்டு மூன்று நாள் சூடு காட்டவும் கூடாது, நீவவும் கூடாது, உள்ளே ரத்தக்கசிவு கூடும் என்று அவர் சொன்னபோது எனக்குத் தலை குனிந்தது. ஸ்கேன் 1,400. டாக்டருக்கு மூன்று தடவை 600 வீதம் 1,800. காலை மடக்கி பஸ்ஸில் உட்கார முடியாததால் கார் பிடித்தே போய் வந்தோம், மூன்று நடைக்கு 9,600. பிஸியோதெரபி 16 நாள், நாளுக்கு 500 வீதம் 8,000. காலில் மாட்டுகிற உறை, குதிகாலுக்கு வைக்கிற மெத்தை என்று 1,900. தேய்ந்துபோன ஷூவையும் சேர்த்தால் 31,000. இதில் எதற்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பைசா வரவில்லை, சென்னை டீமில் இருந்தபோது எல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். புது டீமில் சேரும்போது, அடிபட்டால் செலவு யாருடையது என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

கெண்டைக்காலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இது நிறையப் பேருக்கு வருகிறது. பின்னாலிருந்து அடித்த மாதிரி உணர்வு வந்து அடி வைக்க முடியவில்லை என்றால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். காலை உயர்த்தி வையுங்கள், ஐஸை துணியில் சுற்றி வையுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். குதிகாலுக்கு மேலே இருக்கிற தடித்த நார் அறுந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும், அதைத் தள்ளிப்போட்டால் சிக்கல். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தாலும் கெண்டைக்கால் வீங்கி வலிக்கும், வீட்டில் உட்கார்ந்து நாமே முடிவு செய்யக் கூடாது. வலி போனதும் ஓடலாம் என்று நினைக்காதீர்கள். எனக்கு மூன்றாவது வாரமே வலி போய்விட்டது. பிஸியோ பெண், ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 25 தடவை உயர்த்த முடிந்தால்தான் ஓட விடுவேன் என்றாள். அன்றைக்கு எனக்கு ஆறுதான் வந்தது. 25 வர ஏழு வாரம் ஆனது.

படுத்திருந்த நாட்களில் போனில் அமெரிக்க என்.பி.ஏ. லீக்கின் பழைய மேட்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை மாதிரி ஆட்கள் வேறு எங்கேயாவது இருக்கிறார்களா என்று தேடினேன் என்றே சொல்லலாம். 2003-04 சீசனில் கேரி பேட்டனும் கார்ல் மலோனும் லேக்கர்ஸுக்கு வந்தார்கள். ஒருவருக்கு 35 வயது, இன்னொருவருக்கு 40. இரண்டு பேரும் மகா ஆட்டக்காரர்கள், பட்டம் வெல்லத்தான் வந்தார்கள். பேட்டன் வாழ்நாள் முழுக்கப் பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்தியவர். லேக்கர்ஸ் ஆடிய முக்கோண ஆட்டத்தில் பந்து யார் கையிலும் தங்காது, அவருக்கு அது ஒட்டவே இல்லை. மலோனுக்கு முட்டியில் அடி. ஃபைனலில் டெட்ராய்டிடம் 4–1 என்று தோற்றார்கள். பேட்டன் ஒரு பாஸைக் கொடுத்துவிட்டு, மூலையில் கையைத் தொங்கப் போட்டு நிற்கிற காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அப்புறம் ஆண்ட்ரே இகுவாடலா. 2014 வரைக்கும் அவர் ஆடிய 758 லீக் மேட்சிலும் தொடக்க ஐவரில் ஒருவர். அந்த வருஷம் அவருடைய டீமான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் புதுக் கோச் ஸ்டீவ் கெர் வந்து, பெஞ்சிலிருந்து வரச் சொன்னார். அந்த சீசனில் ஆடிய 77 லீக் மேட்சிலும் பெஞ்சிலிருந்துதான் வந்தார். ஃபைனலில் டீம் 2–1 என்று பின்தங்கியபோது, நான்காவது மேட்சில் தொடக்க ஐவரில் இறக்கினார்கள். அதிலிருந்து மூன்று மேட்சையும் ஜெயித்துப் பட்டம் வென்றார்கள், ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். ஆனால் என் மனதில் தைத்தது அந்த விருது அல்ல. 758 மேட்சுக்குப் பிறகு, "சரி" என்று சொல்ல அவரால் முடிந்திருக்கிறது. எனக்கு ஒரு ஜெர்சியை விட முடியவில்லை.

டிசம்பரில் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். டீ குடித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "மொத நாள் நான் எத்தனை நிமிஷம்னு கேட்டேன். உங்கள வச்சு டீமுக்கு என்ன வேணும்னு நான் சொல்லிருக்கணும். அது என் தப்பு." நான் என்ன வேண்டும் சார் என்று கேட்டேன். அவர் விரல் விட்டுச் சொன்னார். கடைசி இரண்டு நிமிடத்தில் பிள்ளைகள் பதறுகிறார்கள், அங்கே ஒரு பெரிய குரல் வேண்டும். ஃப்ரீ த்ரோ போடுகிற கை வேண்டும். கட்டை போட ஆள் வேண்டும். பாயிண்ட் கார்ட் தேவையே இல்லை, அது இருக்கிறது. இந்த நான்கு வாக்கியத்தை ஜூலையில் கேட்க ஐந்து நிமிடம் போதும். புது டீமில் சேருகிற எவரும் முதல் பயிற்சிக்கு முன்னால் கோச்சோடு தனியாக உட்கார்ந்து, இந்த டீமில் என்ன இல்லை, அதில் என்னால் முடிவது எது, எத்தனை நிமிடம், எந்த நேரத்தில் என்று கேட்டுவிடுங்கள். பதில் பிடிக்காவிட்டால் அப்போதே வேறு டீம் பார்க்கலாம்.

நடக்க முடிந்ததும் பயிற்சிக்குப் போய்ச் சும்மா உட்கார ஆரம்பித்தேன். பெஞ்சில் இருந்து பார்த்தபோதுதான் எனக்கு ஏழாம் நம்பரை விட்டுக்கொடுத்த பெண்ணின் ஆட்டம் என் கண்ணில் பட்டது. ரீபவுண்டு விழுவதற்கு முன்னாலேயே அவள் தலையைத் திருப்பி, யார் ஓடுகிறார்கள் என்று பார்த்துவிடுவாள். எனக்கு அந்தப் பார்வை இருபது வயதிலும் இருந்ததில்லை. ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். நாங்களே விட்ட ஷாட்டை நாங்களே பிடித்தால் மறுபடி ஷாட் எடுக்கக் கடிகாரம் 14 நொடி கொடுக்கும். பிள்ளைகள் அந்த 14 நொடியை வைத்துக்கொள்வதில்லை, பிடித்த கையோடு கூட்டத்துக்குள்ளேயே தூக்கிப் போடுகிறார்கள். அன்றைக்கு அப்படிப் போட்ட ஒன்பதில் இரண்டுதான் விழுந்தது. இந்த இடத்தில் என் நிதானம் உபயோகப்படும் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

பயிற்சி முடிந்ததும் அவளைக் கூப்பிட்டேன். ஃபிளாஸ்கில் டீயும் ஒரு பொட்டலம் வர்க்கியும் கொண்டுபோயிருந்தேன். ஏழாம் நம்பர் ஜெர்சியைத் துவைத்து இஸ்திரி போட்டு எடுத்துப் போயிருந்தேன், அதைக் கொடுத்து, "நான் கேட்டிருக்கக் கூடாதுப்பா, மன்னிச்சிரு" என்றேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வர்க்கியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், உதிர்ந்த தூள் ஜெர்சி மேலே விழுந்தது, தட்டிவிட்டாள், மறுபடி விழுந்தது. "நான் எங்க நின்னா உனக்கு இடைஞ்சல்?" என்று கேட்டேன். முதலில் ஒண்ணும் இல்லக்கா என்றாள். மறுபடி கேட்டேன். அப்புறம் வந்தது. "நடுவுல நிக்கிறீங்கக்கா. நான் உள்ள போற வழியே அதுதான். கார்னர்ல நின்னீங்கன்னா உங்க ஆளும் அங்க வந்துரும், எனக்கு வழி கிடைக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "பந்து கேட்டு கை நீட்டாதீங்கக்கா, நீங்க நீட்டினா எனக்குக் குடுக்காம இருக்க முடியல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஜனவரி மூன்றாவது வாரம் திரும்பி இறங்கினேன். பதினொன்றாம் நம்பர் ஜெர்சி. மாஸ்டரோடு பேசிவைத்தது எட்டு நிமிடம்: இரண்டாவது குவார்ட்டரில் ஐந்து, கடைசியில் மூன்று. வாரத்தில் மூன்று நாள்தான் பயிற்சி, இடையில் ஒரு நாள் ஓய்வு. பெஞ்சிலிருந்து வருகிறவருக்கு, அதுவும் மலையில், ஒரு தனிக் கஷ்டம் உண்டு. மேட்சுக்கு முன்னால் இருபது நிமிடம் சூடு ஏற்றியதெல்லாம், பதினைந்து நிமிடம் குளிரில் உட்கார்ந்தால் போய்விடும். நான் இப்போது கம்பளி ஷாலைக் கெண்டைக்காலில் சுற்றிக்கொண்டுதான் உட்காருகிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து பெஞ்சுக்குப் பின்னால் குதிகால் உயர்த்துகிறேன், சின்னதாக ஓடுகிறேன். உள்ளே போவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் கண்ணைக் காட்டும்படி மாஸ்டரிடம் கேட்டுவைத்திருக்கிறேன். கோர்ட்டுக்குள் ஓயாமல் பேசுகிறேன். யார் ஆள் யாரிடம் இருக்கிறது, எத்தனை நொடி இருக்கிறது, கதவு, கட்டை. மூச்சு அதற்குத்தான் அதிகம் செலவாகிறது.

பிப்ரவரியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு மேட்ச். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்ததில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள், கீழே வெயில் அனலாக அடித்தது. முதல் பாதியில் பிள்ளைகளின் ஓட்டம் வெயிலில் கரைந்துபோனது, எட்டுப் பாயிண்ட் பின்னால் இருந்தோம். மூன்றாவது குவார்ட்டரில் எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்தோம். கடைசி மூன்று நிமிடத்துக்கு மாஸ்டர் கண்ணைக் காட்டினார், ஷாலை அவிழ்த்துவிட்டு உள்ளே போனேன். ஒரு பாயிண்ட் பின்னால், 40 நொடி பாக்கி, எங்கள் ஷாட் வளையத்தில் பட்டுத் திரும்பியது, எங்கள் பெண்ணே பிடித்தாள். "போடாத, வெளிய!" என்று நான் கத்தியது கேலரி வரைக்கும் கேட்டிருக்கும். அவள் போடாமல் வெளியே ஏழாம் நம்பருக்குக் கொடுத்தாள். பதினான்கு நொடி. பழைய பழக்கம், என் கால் தானாகவே நடுப்பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டது. பந்தைத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமலே, டீம் முழுக்கக் கேட்கிற மாதிரி அவள் கத்தினாள்:

"அக்கா, அங்க நிக்காதீங்க! கார்னர் போங்க!"

நான் கார்னருக்கு ஓடினேன்.